பழைய குவார்ட்டர்ஸில் ஒரு கூட்டம்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கேட்டின் கொக்கி. கனத்த கம்பியை வளைத்து அப்பா செய்தது; என் தம்பி தனியாகத் தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. கேட்டுக்கு இப்போது நீலம் அடித்திருந்தார்கள். கொக்கியின் மேலும் அதே நீலம்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை, நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது. அப்பாவின் நிலக்கரிச் சுரங்க வேலைக்காகக் கொடுத்த, நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் அது. அப்பா ரிடையர் ஆனதும் காலி செய்து கொடுத்துவிட்டோம். ஆறு வருடங்கள் கழித்து, வேறொரு குடும்பம் வாழும் அந்த வீட்டுக்கு, தம்பியையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு, கூட்டம் நடத்த வந்திருந்தேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். தம்பிக்கு நாற்பத்தொரு வயது. மனவளர்ச்சி குன்றியவர் என்று அவனுடைய சான்றிதழில் இருக்கும். அப்பா வேலையில் இருக்கும்போதே குள்ளஞ்சாவடியில் ஒரு சிறிய வீடு வாங்கி, தம்பியின் ஆயுள் முழுவதும் அது அவனுக்கே பயன்பட வேண்டும் என்று ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதிப் பதிவு செய்தார். அவர் இருக்கும்வரை அவரே டிரஸ்டி. அவருக்குப் பிறகு நான். பதிவுக்கு முன் பத்திரத்தை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். நான் அப்போது புதுச்சேரியில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

அப்பா இறந்த நான்காவது மாதம், பழைய குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருக்கும் வீட்டம்மா போன் செய்தார். டிரஸ்ட் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். சாலையை அகலப்படுத்துவதற்காக நெடுஞ்சாலைத் துறையினர் குள்ளஞ்சாவடி வீட்டை அளந்திருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் டிரஸ்டி குறிப்பிட்ட தேதியில் பத்திரங்களோடு நேரில் வர வேண்டும். வரைபடத்தில் அவர்கள் போட்டிருந்த சிவப்புக் கோடு முன்னறையின் நடுவே போனது. தம்பி படுப்பது அந்த அறையில்தான்.

விருத்தாசலத்தில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. வரிவரியாக விரலை வைத்துப் பத்திரத்தைப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நீங்க இன்னும் டிரஸ்டியே ஆகலீங்களே."

புதிய டிரஸ்டி, டிரஸ்ட் அலுவலகத்தில், பயனாளியின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். பயனாளி என்பது தம்பி. அலுவலக முகவரி என்று கொடுத்திருந்தது குவார்ட்டர்ஸ் எண். டவுன்ஷிப்பில் எல்லோரும் செய்கிற தவறுதான். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தொடங்கி எல்லாத் தாள்களிலும், நிரந்தர முகவரி என்ற கட்டத்தில், என்றாவது காலி செய்தே ஆக வேண்டிய வீட்டின் எண்ணை எழுதிப் பழகியவர்கள் நாங்கள்.

கோர்ட்டில் மனுப் போட்டும் டிரஸ்டி ஆகலாம், ஆனால் கடிதத்தில் உள்ள தேதிக்குள் முடியாது என்றார் வழக்கறிஞர். "பத்திரத்துல உள்ளபடியே செஞ்சிடலாங்க. அந்த வூட்டுக்காரங்க ஒரு மணி நேரம் உள்ள விடுவாங்களான்னு கேளுங்க. கூட்டத்துல நடந்தத நடந்தபடி மினிட்ஸ்ல எழுதிடுறேன். ஒண்ணும் விடக்கூடாது, ஒண்ணும் சேக்கக்கூடாது. அப்பதான் நாளைக்கு எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

விடுவார்களா என்பதைவிட எனக்கு வேறு பயம் இருந்தது. அப்பாவோடு குள்ளஞ்சாவடி வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து தம்பி தினமும் பிற்பகலில் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பான். "வூட்டுக்குப் போலாம்" என்பான். அப்பா "நாளைக்கு" என்பார். ஒரு நாளும் அழைத்துப் போனதில்லை. ஒரு முறை உள்ளே நுழைந்தால் இவன் திரும்பி வரமாட்டான் என்று அப்பா நம்பினார். நானும்தான்.

குவார்ட்டர்ஸ்காரரிடம் போனில் இதையும் மறைக்காமல் சொன்னேன். அவரும் மைன்ஸில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம்.

"எங்க வூடு இருந்த எடம் இப்ப மைன்ஸுக்குள்ள கெடக்குதுங்க. அங்கதான் நான் டூட்டி பாத்துக்கினு இருக்கேன். வூடு இருக்கறவங்க வந்து பாக்கறதுல என்னாங்க? இட்டுக்கினு வாங்க. எனக்கு பஸ்ட் ஷிப்ட். ரெண்டே முக்காலுக்கு வந்துருவேன், சாட்சிக் கையெழுத்தும் போட்டுர்றேன்."

அப்படித்தான் அந்தக் கேட்டின் முன் நின்றோம். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். முதல் ஷிப்டுக்காரர்கள் இன்னும் வரவில்லை. தெருவில் ஒருவரும் இல்லை. தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் தார்மேல் அசையாமல் கிடந்தது.

தம்பி கொக்கியைத் தானே எடுத்தான். வாசலில் செருப்பை விட்டான். வலது செருப்பு சுவரோடு ஒட்டி, இடது அதன் மேல் பாதி ஏறி, முன்பு விடுவதைப் போலவே. ஹாலில் நேராக நடக்காமல் நடுவில் ஒரு வளைவு எடுத்துப் போனான். எங்கள் சாப்பாட்டு மேசை இருந்த இடம் அது. இப்போது அங்கே வெறும் தரை. அந்த வீட்டம்மா அதைக் கவனித்தார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவரும் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

மேல் ஜன்னலிலிருந்து ஒரு பட்டை வெயில் இறங்கிச் சுவரில் சாய்ந்திருந்தது. அதில் தூசி மேலும் கீழுமாக மிதந்தது. சமையலறையில் குக்கர் மணம். எங்கள் வீட்டு மசாலா இல்லை, ஆனாலும் அதே திசையிலிருந்து வந்தது. பின்கதவு வழியாக அப்பா வைத்த பலாமரம் தெரிந்தது. அடிமரத்தில் பிஞ்சுகள். நான் டிரஸ்டி ஆக வந்திருக்கிறேனா, பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை. தம்பி ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு வண்டி வந்து நின்றது. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நீலச் சீருடை, கனத்த ஷூ, கையில் மஞ்சள் ஹெல்மெட். அப்பாவைவிடக் குள்ளம், நல்ல கறுப்பு. முகத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை.

தம்பி எழுந்தான். நேராகப் போய் அவர் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினான். பின்கதவுக்குப் பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில், அதை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அங்கே ஒரு ஆணி இருந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் ஹெல்மெட்டை வாங்கி மாட்டுவது தம்பியின் வேலை. இருபது வருடங்களுக்கு மேல் செய்தான். இப்போது ஆணி இல்லை. துளையை அடைத்து வெள்ளையடித்திருந்தார்கள்.

அவன் கையை எடுக்கவில்லை. நான் போய் ஹெல்மெட்டைத் தொட்டேன். இன்னும் இறுக்கிக்கொண்டான். இனி இவனை வெளியே கூட்டிப் போக முடியாது என்று நினைத்தேன். வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தினார்.

"அங்க ஆணி இருந்துதுங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. அப்பாவோட ஹெல்மெட்டுக்கு."

அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வண்டிப் பெட்டியிலிருந்து சுத்தியலும் ஒரு ஆணியும் எடுத்துவந்தார்.

"காலண்டர் மாட்ட ஒரு ஆணி கேட்டு மூணு வருஷம் ஆவுது," என்றார் வீட்டம்மா. "குவார்ட்டர்ஸ் சொவரு, ஓட்டை போடக்கூடாதுன்னு சட்டம் பேசினாரு!"

"காலண்டர் வேற, ஹெல்மெட் வேற. நீ சும்மா இரு." தம்பியிடம் திரும்பினார். "இங்கியாண்ணே? இன்னும் கொஞ்சம் மேலயா?"

தம்பி விரலை வைத்துக் காட்டினான். சுத்தியலால் நான்கு அடி; ஆணி இறங்கியது. தம்பி ஹெல்மெட்டை மாட்டினான். அது நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு வந்து எங்களோடு உட்கார்ந்தான்.

நான் கையெழுத்திட்டேன். கணவனும் மனைவியும் சாட்சி போட்டார்கள். தம்பி எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

"வூட்டுக்குப் போலாம்க்கா."

எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"பஸ்ஸு போவும்ல, அந்த வூட்டுக்கு. அப்பா வந்துட்டாரு."

குள்ளஞ்சாவடியில் எங்கள் வாசலை ஒட்டித்தான் பஸ்கள் போகும். அன்றிலிருந்து அவன் பிற்பகலில் கதவருகே நிற்பதில்லை. குறிப்பிட்ட தேதியில் பத்திரத்தோடும் அந்த மினிட்ஸோடும் போய் நின்றேன். மறுபடி அளந்தார்கள். கோடு வாசற்படியோடு நின்றது.

மினிட்ஸ் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். இதுவரை ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் ஐந்தாவது வரி: சுவரில் ஆணி அடிப்பதற்காகக் கூட்டம் ஆறு நிமிடங்கள் நிறுத்திவைக்கப்பட்டது.