மச்சானுக்கு வாய்த்த போர்

இரண்டு குவளைத் தண்ணீர்தான். ஒன்றை ஊற்றி உடம்பை நனைப்பான், சோப்பைத் தேய்ப்பான், இன்னொன்றை ஊற்றித் துண்டை எடுத்துவிடுவான். பெஞ்சமின் குளித்தாயிற்று. அக்காள்மடத்து வீட்டு மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பி வழிகிறது. "குழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. இவுகளுக்கு இன்னமும் கப்பல்லதான் குளியல்" என்று அவன் மனைவி லீமாரோஸ் அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்புக்குள் பெருமை இருப்பது எனக்குத் தெரியாதா? அவள் என் தங்கை.

எழுபத்திரண்டு வயதுக்காரனை 'அவன்' என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கடற்படைக்கு ஆள் எடுத்தபோது ராமநாதபுரத்தில் ஒரே வரிசையில் நின்றவர்கள். புள்ளி புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, என்ன எண் தெரிகிறது என்றார்கள். அவன் சொல்லிவிட்டான். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிந்து தெரியாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் கப்பலுக்குப் போனான்; நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் மாற்றுச் சான்றிதழ் எழுதினேன். எழுபத்தொன்றாம் வருட டிசம்பரில் அவன் கப்பல் வங்காள விரிகுடாவில் போரில் நின்றது. அவனுக்குப் பதினெட்டு வயது. அதன்பிறகு லீவில் வந்தவனுக்கு, என்னைப் பெற்ற தாயே மீன் தலையை எடுத்து வைத்தாள். எனக்கு வால்.

பொறாமை என்றால் பொறாமைதான், மறைப்பானேன்? இந்த வயதிலும் வளையாத அவன் முதுகைப் பார்த்தால் எனக்கு இடுப்பு வலிக்கிறது. உச்சிப்புளியிலிருந்து கடற்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் தெருவே அண்ணாந்து பார்க்கும், நான் உட்பட. அவன் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான்.

என் வயிற்றெரிச்சல் இதற்கெல்லாம்கூட இல்லை. அவ்வளவு பெரிய போருக்குப் போய் வந்தவன், அதைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்று: "அன்னைக்குப் பருப்பு வேகவே இல்ல மச்சான்." அவனுக்குக் கப்பலில் சமையல் வேலை. "இருநூறு பேருக்கு வேகாத பருப்ப ஊத்துனேன். ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல." அவ்வளவுதான் போர். எனக்கு மட்டும் அது வாய்த்திருந்தால்! அவன் இல்லாத நேரம் பார்த்து முருகம்மாள் டீக்கடையில் அந்தப் போரை நானே பலமுறை நடத்தியிருக்கிறேன். என் போரில் பீரங்கி வெடிக்கும், அலை பனை உயரம் எழும்பும்.

இந்தச் சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கொடியேற்ற அவனைக் கூப்பிட்டார்கள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த அதே பள்ளி. அவனுக்குப் பொன்னாடை, எனக்கு மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. பேசச் சொன்னார்கள். "பிள்ளைகளா, நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதற்கும் கை தட்டினார்கள்.

அங்கிருந்து நேரே டீக்கடைக்கு வந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. முருகம்மாள் காதில் விழும்படியே கேட்டேன்: "ஏன் மச்சான், அடுப்படியில நின்னவனுக்குப் பொன்னாடை எதுக்கு? எதிரி ஆளு ஒருத்தனையாச்சும் நீ கண்ணால பாத்தியா?"

முருகம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். பெஞ்சமின் கோபப்படவில்லை.

"பாத்தேன். அவங்க படகு எரிஞ்சு முங்கிருச்சு. ஆளுக தண்ணியில கெடந்து தத்தளிச்சாங்க. கடக்கரப் பயதானே, கயிறு போடத் தெரியும்னு, பருப்பு அடுப்புல கெடக்க என்னய மேல்தட்டுக்குக் கூப்பிட்டாக. ஏழு பேரத் தூக்கிட்டோம்."

இத்தனை வருடத்தில் அவன் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் போரில் இப்படி ஒரு காட்சி வந்ததே இல்லை.

"எட்டாவது ஒரு பய. என் வயசுதான் இருக்கும். கயிறு அவனுக்கு எட்டல. குனிஞ்சு கையப் புடிச்சேன்." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். "இப்பிடித்தான். ஒடம்பெல்லாம் டீசலு. வழுக்குது மச்சான், வழுக்குது."

டீயில் ஆடை படிந்தது. என் மணிக்கட்டில் அவன் விரல்கள் இறுகிக்கொண்டே போயின. வலி பொறுக்காமல் மெல்லக் கையை இழுத்தேன். அவன் இன்னொரு கையையும் கொண்டுவந்து சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.