பின்வரிசைக்காரர்

யாராவது டயரை உருட்டிக்கொண்டு வந்தால் கலோ சிக்காய்சா ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. டயரைத்தான் விசாரிப்பார். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கி, குமிழி வரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, "யாருப்பா உன்ன இந்தப் பாடு படுத்துனது?" என்பார். லாரிக்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னால், "உங்கள இல்லீங்க, இவனக் கேட்டேன்" என்பார். மலையூரான லாத்தகுங்காவில் எங்கள் தெருவழியாகப் போகிற லாரிக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. அவருடைய பஞ்சர் கடைக்கு எதிரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் எனக்கும்தான்.

குள்ளமான மனிதர். அகலமான தோள். நகக்கண்ணில் கருப்பு போகவே போகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகளைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்வார். பூசை முடிந்து, மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்துக்கு வந்ததும் அந்தக் கைகள் தாமாக வெளியே வந்துவிடும். எங்கள் ஊர் வாலிபாலில் பக்கத்துக்கு மூன்று பேர்தான். உயரமான வலை, கனமான கால்பந்து. வலையோரம் ஒருவர், நடுவில் ஒருவர், பின்வரிசையில் ஒருவர். பின்வரிசைக்காரருக்குத்தான் ஓட்டம் முழுவதும். கலோ பின்வரிசைக்காரர். எட்டவே எட்டாத பந்துக்கும் பாய்வார். ஸ்டூல் மேல் ஊதலோடு நிற்கும் நடுவர் நான். அவர் விழுந்து எழுந்த பிறகுதான் பந்து எங்கே என்று தேடுவேன்.

அப்படி ஒரு பந்துக்காக அவர் சட்டென்று திரும்பியபோது வலது முட்டிக்குள் ஏதோ தெறித்தது. கால் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. தலைநகர் கீட்டோவில் பெரிய ஆஸ்பத்திரியில், மூட்டு ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று சொல்லி, துளை போட்டு உள்ளே தைத்தார்கள். "நம்ம தொழில்தாங்க. உள்ள பஞ்சர் ஒட்டியிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். ஒட்டியது பிடிப்பதற்குப் பல மாதம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொடை இளைத்துப்போகாமல் இருக்க, கணுக்காலில் எடை கட்டிக் காலைத் தூக்கி இறக்கச் சொன்னார்கள். பழைய சைக்கிள் டியூபில் மணலை நிரப்பி, முனைகளை ஒட்டி, அதையே காலில் சுற்றிக்கொண்டார். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூக்குவார், இறக்குவார். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

கடையை அவர் மனைவி சோய்லா பார்த்துக்கொண்டார். அதிகம் பேசாதவர். கடப்பாரையால் லாரி டயரை நெம்பிக் கழற்றுவார், கணவர் குளிக்கத் தண்ணீர் சுடவைப்பார், அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டிவிடுவார். பள்ளிக்கூட நாளில் சோய்லா வாலிபால் ஆடியவர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு, பின்வரிசைக்கு ஆள் கிடைக்காமல் ஆட்டமே நின்றுபோகும் நிலையில், சோய்லா உடைக்கு மேல் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்து மடித்துக் கலோவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினார்.

"அக்கா, அடுப்புல சூப்பு தீஞ்சிடப் போகுது" என்றார் எதிரணிக்காரர் ஒருவர். சோய்லா அந்த ஆள் அடித்த பந்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். கலோ பாய்ந்து எடுக்கிற பந்தை இவர் நின்று எடுத்தார். அது எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே போய் நின்றிருப்பார். அன்று ஜெயித்தோம். அடுத்த ஞாயிறும் ஜெயித்தோம். பூசைக்கு வராதவர்கள்கூட ஆட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

வலையோரம் ஆடுகிற வாஷிங்டன் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கலோ அண்ணே, முட்டி மெதுவாவே ஆறட்டும். ஒண்ணும் அவசரமில்ல." கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கலோ. அன்று மாலை இருட்டும்வரை மணல் டியூபைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னது அவர் காதில் விழவில்லை.

திருவிழா அன்று பக்கத்து ஊர் புஹிலிக்காரர்களோடு ஆட்டம். இரண்டு பக்கமும் சமம், கடைசிப் புள்ளி. பந்து உயர எழும்பிப் பின்னால் வந்தது. பின்வாங்கிப்போன சோய்லாவுக்குக் கால் வழுக்கியது. முழங்கை தரையில் உரச விழுந்தார். பந்து அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. எங்கள் தெருவே தலையில் கை வைத்தது. ஸ்டூல் மேலிருந்து எனக்கு எல்லா முகமும் தெரியும். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கலோவின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பெரிய சிரிப்பு இல்லை. சுமையை இறக்கிவைத்தவன் முகத்தில் வருமே, அது. விழுந்த சோய்லா பந்தைப் பார்க்கவில்லை, முதலில் புருஷனைத்தான் பார்த்தார். அந்தச் சிரிப்பு அழிவதற்குள் பார்த்துவிட்டார்.

அதன்பிறகு சோய்லா ஆட வரவில்லை. கேட்டவர்களிடம் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் கலோவுக்கு டாக்டர் ஆட அனுமதி கொடுத்தார்.

திரும்பி வந்தபோது முதலில் பயந்து பயந்துதான் ஆடினார். ஒவ்வொரு அடிக்கும் முட்டியிடம் அனுமதி கேட்பதுபோல் ஒரு நொடி நிற்பார். பிறகு உடம்புக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. ஒருநாள் பழையபடி பாய்ந்து ஒரு பந்தை எடுத்தார். வாஷிங்டன் அவரைத் தூக்கிச் சுற்றினார், ஜனங்கள் கைதட்டினார்கள். கலோ பெண்கள் உட்காரும் பக்கம் பார்த்தார். சோய்லா அங்கே இல்லை.

கால் நேராகிவிட்டது, மனிதர் கோணலாகிவிட்டார். டயர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது சோய்லாவின் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு காலை என் கடையில் ரொட்டியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"வலின்னா பல்லக் கடிச்சுத் தாங்கிக்கலாங்க" என்றார். "அவ விழுந்தப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. என் காலப் புடிச்சு நடக்க வச்சவ. அவ விழுந்ததுக்கு நான் சந்தோஷப்பட்டேன். அத அவ பாத்துட்டா."

நானும் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பேசிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பேசினாராம். "அன்னிக்கு நான்" என்று தொடங்கியதுமே சோய்லா மக்காச்சோளம் உரிப்பதை நிறுத்தாமல், "நீ சிரிச்ச, நான் பாத்தேன். அதப் பேசி என்ன ஆகப்போகுது, விடு" என்று சொல்லிவிட்டாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார். ரொட்டி கையிலேயே ஆறிப்போயிருந்தது.

நடுவில் ஆடிக்கொண்டிருந்த பையன் வேலை தேடிக் குவயாகில் நகரத்துக்குப் போய்விட்ட வாரம் அது. ஞாயிறு தளத்தில் மூன்றாவது ஆளுக்குத் தேடிக்கொண்டிருந்தோம். லாரிக்காரர் ஒருவர் டயர் வெடித்து வந்து நிற்கிறார் என்று கலோவைக் கூப்பிட அந்த நேரம் பார்த்து சோய்லா வந்தார். கோவில் சுவரோரம் நின்று கையைக் காட்டினார்.

கலோ வெளியே போகவில்லை. பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தளத்தின் நடுவே வந்து நின்றார்.

"திருவிழா அன்னிக்கு சோய்லா விழுந்தா இல்ல, அப்ப நான் சிரிச்சேன்" என்றார். "நாம தோக்கணும்னு நெனச்சேன். அவ என்னவிட நல்லா ஆடுறா, அது எனக்குப் பொறுக்கல. பின்வரிசை அவளோடது. அவ வந்தா நான் நடுவுல நிக்கிறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "வீட்டுல நல்லா வாங்கியிருக்காரு" என்றார் வாஷிங்டன். கலோவின் காதுமடல் சிவந்துவிட்டது. வேடிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நகத்துக் கருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோய்லா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

சோய்லா தன் பின்னாலேயே வந்திருந்த லாரிக்காரரிடம் ஆட்டம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கணவர் முகத்தைப் பார்க்காமல் அவரைக் கடந்து பின்னால் போனார். "கொஞ்சம் முன்னாடி நில்லு" என்றார். அவ்வளவுதான்.

ஊதினேன். முதல் பந்தே உயர வந்தது. கலோவின் தலைக்கு மேலாகப் பின்வரிசையை நோக்கிப் போனது. அவருடைய வலது கால் தன்னால் பாதி திரும்பிவிட்டது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து, பின்னால் நிற்பவருக்குப் பந்து மறைந்துவிடாதபடி, தெருவே பார்த்துக்கொண்டிருக்கத் தலையைத் தாழ்த்திக் குனிந்தார்.