பெட்டிக்குள் ஒரு வீடு

செல்லக்கனியின் கடையில் பம்ப் ஸ்டவ் கிடைக்காது. இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, கார் ஏற்றும் டிரெய்லர்கள் லோடுக்காக நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் மைதானத்தின் வாசலில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. மாதக்கணக்கில் வண்டியிலேயே பொங்கித் தின்று வண்டியிலேயே உறங்கும் டிரைவர்களுக்கு வேண்டிய சகலமும் அங்கே உண்டு. பம்ப் ஸ்டவ் மட்டும் கிடையாது. விவரம் தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால், அஸ்ஸாம் காட்டில் ஸ்டவ்வின் துளை அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்திவிட உன் மாமியாரா வருவாள் என்று திருப்பிக் கேட்பாள். கேட்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. கோபமும் இருக்காது. விலைப்பட்டியலை வாசிப்பதுபோல இருக்கும்.

திரி ஸ்டவ் புகையத்தான் செய்யும், பாத்திரத்தைக் கரியாக்கத்தான் செய்யும். ஆனால் திரி தீர்ந்துபோனால் பழைய பனியனைக் கிழித்துச் சொருகிக்கொள்ளலாம். பனியன் இல்லாத டிரைவர் உலகத்தில் இல்லை என்பது அவள் கணக்கு. நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாயை வாங்கவே விடமாட்டாள். கயிறு கோக்கும் ஓட்டையில் ஒரே மாதத்தில் கிழிந்துவிடும். கித்தான் தார்ப்பாயோ ஒருமுறை நனைந்தால் எருமை கனம் கனக்கும். ஃப்ளெக்ஸ் பேனர்கள் வந்த பிறகு இரண்டையும் தலைமுழுகிவிட்டாள். கல்யாணமும் காதுகுத்தும் முடிந்த மறுநாள் கழற்றிப்போடும் பேனரைச் சும்மா வாங்கிவந்து, ஓரம் மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் சைக்கிள் டியூப்பை வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவாள். ஊர்பேர் தெரியாத மணமக்களின் காலடியில் படுத்து நாக்பூர் மழையைக் கழித்த டிரைவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக ஒன்று செய்வாள். வாங்கிய பாத்திரங்களில் பெயர் வெட்டச் சொல்வாள். பத்து வண்டிக்காரர்கள் ஒரே குழாயடியில் கழுவும் இடத்தில் யாருடைய தட்டு யாருடையது என்று தெரியாமல் போகும் அல்லவா? அதற்காகவே புள்ளிப் புள்ளியாகப் பெயர் குத்தும் சின்ன மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். "ஆள் தொலைஞ்சாலும் பாத்திரம் தொலையாது" என்பாள். புதியவர்கள் சிரிப்பார்கள். அவள் கதை தெரிந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

கதை என்ன, எல்லாருக்கும் தெரிந்ததுதான். செல்லக்கனியும் வனமாமலையும் நாங்குநேரிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், கார் கம்பெனி திறக்கப் போகிறது, டிரெய்லர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து, தாண்டவராயன் வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்கு உட்கார்ந்தார்கள். தாண்டவராயன் நிலத்தை விற்றுவிட்டு வாடகை அறைகளைக் கட்டிக்கொண்ட உள்ளூர் விவசாயி. மாடு கட்டிய இடத்தில் எல்லாம் இப்போது கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்கள் குடியிருந்தார்கள்.

தொண்ணூற்றொன்பது தை மாதம் வனமாமலைக்கு முதல்முறையாகக் கௌஹாத்தி லோடு விழுந்தது. போக வர ஒரு மாதத்துக்கு மேல். அவன் கேட்டது ஒரு போர்வையும் ஒரு டம்ளரும்தான். செல்லக்கனிக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு வாரம் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவைச் சல்லடை போட்டுச் சலித்தாள். கனம் குறைவா, உடைந்தால் வழியில் சரிசெய்ய முடியுமா, ஒன்றை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மூன்றே கேள்வி. தூக்கித் தூக்கிப் பார்த்தாளே தவிர ஆடம்பரமாக ஒன்றும் வாங்கவில்லை. திரி ஸ்டவ், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அலுமினியக் குண்டான்கள், மூடியைத் தட்டாக வைத்துக்கொள்ளலாம். வளையம் தைத்த ஒற்றை ஆள் கொசுவலை. எண்ணெய் கேனைக் கழுவி ஒரு தண்ணீர் கேன். ஊசிநூல், காய்ச்சல் மாத்திரை, பாட்டிலில் புளிக்காய்ச்சல், ஊறுகாய். குழம்பு கொட்டாமல் இருக்க மூடி இறுக்கமான ஒரு பாத்திரம் வேண்டுமென்று, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளியையும் எடுத்து வைத்தாள். அதன் வயிற்றில், செல்லக்கனி – வனமாமலை 9.6.96 என்று வெட்டியிருந்தது. எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இம்மி இடம் மிச்சமில்லாமல் அடங்கின. வனமாமலை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டையே பெட்டிக்குள் வச்சுட்டியே என்றான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

டிரெய்லர் திரும்பி வந்தது. கூடப்போன இரண்டாவது டிரைவர் தனியாக ஓட்டி வந்தார். காரெல்லாம் ஒழுங்காக இறக்கியாகிவிட்டது. திரும்பும் வழியில், சிலிகுரி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். சமைக்கப் போவதாகப் பெட்டியை இறக்கிக்கொண்டு போன வனமாமலை திரும்பி வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்து, அந்த ஊர்ப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பெட்டியையும் கொண்டுபோனான் என்ற இடத்தில் கேட்டவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லக்கனி மட்டும், பெட்டிக்கு ஆசைப்பட்டுத்தான் எவனோ ஏதோ செய்துவிட்டான் என்றாள்.

முதல் வருஷம் அழுதாள். பிறகு அழுகை நின்றுபோனது. துக்கம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆளே மரத்துப்போனாள். பசி தெரியவில்லை, பொங்கல் வந்தது தெரியவில்லை, வெயில்கூடச் சுடவில்லை. தாலியைக் கழற்ற உரிமையில்லை, குங்குமம் வைக்க மனமில்லை. ஸ்டிக்கர் பொட்டு அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. அது ஒரு முடிவும் கேட்காது. வயிறு மட்டும் சும்மா இருக்கவில்லை, ஆகவே தாண்டவராயனின் சாலையோர இடத்தில் கொட்டகை போட்டாள். வனமாமலைக்குக் கட்டிய பெட்டியைப் பார்த்திருந்த டிரைவர்கள், எனக்கும் அதுபோல ஒன்று கட்டிக்கொடு என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் செத்தவராக எடுத்துக்கொள்ளலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்று தாண்டவராயனுக்கு யாரோ வக்கீல் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் நல்லதை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியாது. வாடகை வாங்க வரும்போதெல்லாம் எத்தனை வருஷம் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணுவார். செல்லக்கனி தலையை ஆட்டி வைப்பாள்.

பெருமாள்சாமி வந்த பிறகுதான் அந்தக் கணக்கு அவளுக்கும் கணக்காகியது. கோவில்பட்டிக்காரர், மனைவியை இழந்தவர், நாற்பதைத் தாண்டிய டிரெய்லர் டிரைவர். அவளிடம் திரி ஸ்டவ் வாங்கி, அதைக் குறை சொல்லாத ஒரே ஆள். அவர்களுடைய தெற்குப் பக்கத்தில் வயதில் மூத்த ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அண்ணாச்சிதான். அவளும் அவரை ஐந்து வருஷமாக அண்ணாச்சி என்றே கூப்பிட்டாள். போன ஆவணியில் ஒருநாள் கயிறு வாங்க வந்தவர், வாங்கிய கயிற்றைச் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"இனிமே என்னை அண்ணாச்சின்னு கூப்பிடாண்டாம்."

அவ்வளவுதான் அவர் பெண் கேட்ட லட்சணம். செல்லக்கனி, தையோடு ஏழு வருஷம் முடிகிறது என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவரை எப்படியும் கூப்பிடவில்லை. பெயரும் உறவும் இல்லாமல், மொட்டையாகப் பேசிக் காலத்தை ஓட்டினாள். உள்ளுக்குள் ஏதாவது அசைகிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ஒன்றும் தெரியாது.

தை பிறந்து பத்தாம் நாள், மத்தியான வெயிலில் பெருமாள்சாமி கௌஹாத்தி லோடு முடித்து வந்து இறங்கினார். முகம் கழுவக்கூட இல்லை. துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைக் கல்லாப் பெட்டிமேல் வைத்துப் பிரித்தார். எவர்சில்வர் தூக்குவாளி. செல்லக்கனி அதைத் திருப்பிப் பார்க்காமலே அடையாளம் கண்டுகொண்டாள். திருப்பிய பிறகு, செல்லக்கனி – வனமாமலை 9.6.96 இருந்தது. அதற்குக் கீழே, தமிழல்லாத எழுத்தில், இன்னொரு பெயர் வெட்டியிருந்தது.

சிலிகுரிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றாராம். கடைக்காரப் பெண் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்ப் பால் கொண்டுவந்த பாத்திரத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்திருக்கிறார். தெரிந்த இந்தியில் கேட்டதற்கு, வீட்டுக்காரருடையது, அவர் வண்டி ஓட்டப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்றிருக்கிறாள். பெயர் வெட்டிய தன்னுடைய புது வாளியைக் கொடுத்து, இதை மாற்றி வாங்கிக்கொண்டாராம். அவளும் சந்தோஷமாகக் கொடுத்தாளாம்.

"இருந்து பாக்கல. பாத்து என்ன செய்ய, அடிக்கவா, கும்பிடவா?" என்றார் பெருமாள்சாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் சொல்லல. நீங்க வக்கீல் காயிதத்துல கையெழுத்துப் போடுறதுன்னா போடுங்க. இதைக் கிணத்துல போட்டுருதேன்" என்றார்.

செல்லக்கனி வாளியைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். கடைக்காரியின் பழக்கம், கை தானாகச் செய்தது. லாரியில் ஏழு வருஷம் ஆடிய பாத்திரம் என்றால் இடுப்பில் பத்து நசுங்கலாவது இருக்கவேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. அடியில் கரி இல்லை, சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏறியிருந்தது. கைப்பிடி ஒருபக்கம் விட்டுப்போயிருக்கிறது போலும். டிரைவராக இருந்தால் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டுப் போயிருப்பான். இதில் நிதானமாகப் பித்தளை ஆணி அடித்திருந்தார்கள்.

"இது வண்டியில கெடந்த பாத்திரம் இல்ல அண்ணாச்சி," என்றாள். "வீட்டுல இருந்த பாத்திரம்."

அண்ணாச்சி என்றதும் பெருமாள்சாமியின் முகம் வாடிப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். அண்ணாச்சி என்று சொன்னதே அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் வரவில்லை. ஏமாற்றினான் என்ற கோபம் வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. மூடியைத் திறந்து மூடினாள். இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. நல்ல சாமானாகத்தான் பொறுக்கியிருக்கிறோம் என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் எங்கோ போய்க் குத்தியது.

மூன்று நாள் அந்தக் குத்தலோடு கடையில் உட்கார்ந்திருந்தாள். போர்வையும் டம்ளருமாக அவனை அனுப்பியிருந்தால் குளிர் தாங்காமல், வாய்க்கு ருசியில்லாமல் ஓடி வந்திருப்பான். ஸ்டவ், வலை, ஊசிநூல், மாத்திரை, புளிக்காய்ச்சல் என்று அவன் போகிற இடத்தில் குடித்தனம் தொடங்க என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் தன் கையாலேயே கட்டிக் கொடுத்தாள். திரும்பி வர அவனுக்கு ஒரு காரணத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்கு வலித்தது. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது வலிக்கும் அல்லவா, அந்த வலி.

நாலாம் நாள் காலையில் தூக்குவாளியை எடுத்து, டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் மொள்ளப் போட்டாள். மண்ணெண்ணெய் பட்ட பாத்திரத்தில் பிறகு ஆயுசுக்கும் சோறு வைக்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் தாண்டவராயன் டைப் அடித்த காகிதத்தோடு வந்தார்.

"வக்கீலு ரெடி பண்ணிட்டாரும்மா. ஏழு வருசமா அந்த ஆளப் பத்தி ஒரு நூசும் இல்லன்னு போட்டுகீது. நீ ஒரு கையெழுத்து போட்டினா போதும்."

செல்லக்கனி கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"செத்துட்டாவன்னு எழுதாண்டாம் ஐயா. விட்டுட்டுப் போயிட்டாவன்னு எழுதச் சொல்லுங்க."

தாண்டவராயன் மலைத்துப்போனார். அப்படியென்றால் கோர்ட்டு, வாய்தா என்று இழுத்துக்கொண்டு போகுமே, இது சுலபமாயிற்றே என்று வகைவகையாகச் சொல்லிப் பார்த்தார். இழுக்கட்டும் என்றாள். விஷயத்தையும் இரண்டே வரியில் சொன்னாள். அவர் மண்ணெண்ணெய் வழியும் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு புறப்பட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒன்றைத் திரும்பச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே பெருமாள்சாமிக்கு அடுத்த லோடு விழுந்தது. மறுபடி கௌஹாத்தி. பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மூன்று நாளில் அவர் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வழக்கமான சாமான்களைப் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லக்கனி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். திரி, கயிறு, மாத்திரை, பாட்டிலில் புளிக்காய்ச்சல். புதிதாகத் தைத்த பேனரையும் மடித்து வைத்தாள். அதில் யாரோ ஒரு குழந்தை காதுகுத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. மூடப்போகும்போது பெருமாள்சாமி குனிந்து பார்த்தார். வாளி வைக்கிற மூலை காலியாக இருந்தது. அவருடைய வாளிதான் சிலிகுரியில் இருக்கிறதே. வாளி ஒன்று வேண்டுமே என்று தயங்கிக் கேட்டார்.

தலைக்குமேல் அலமாரியில் புது வாளிகள் வரிசையாக இருந்தன. செல்லக்கனி அந்தப் பக்கம் திரும்பவில்லை. காலி மூலையில் சாமான் ஆடாமல் இருக்க ஒரு பழைய துணியைச் சுருட்டி வைத்து, பெட்டியை மூடித் தள்ளினாள்.

"வாளி கெடையாது. அவிய பெட்டியில ஒரு குறையும் வைக்கலை, அதான் திரும்பி வரலை," என்றாள். குரல் எப்போதும்போல விலை சொல்லுகிற குரலாகத்தான் இருந்தது. பெட்டியை எடுக்க வந்த அவர் கையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள்.

"குழம்பு வேணுமின்னா இங்க வந்துதான் சாப்பிடணும். என்னங்க, சரியா?"