போய்க் கேட்காமல் அனுப்பிய செய்தி

நான் ஐந்தாவது வரை படித்தவள். திருமுடிவாக்கத்தில் பட்டறைகளுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். புது ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப மருமகள் கற்றுக் கொடுத்ததிலிருந்து போனில் மட்டும் நன்றாகப் பேசுவேன்.

ஒருநாள் காலை, வடக்கத்தித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒருவர் பிஸ்கட் கொடுத்து இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். யாரென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "புள்ள புடிக்கிறவன் மாதிரி கீறான், சீக்கிரம் வாங்க" என்று தெரு குரூப்பில் பேசி அனுப்பிவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். "இன்னாடா, பிஸ்கட்டு குட்த்து தூக்கினு போறியா?" என்று ஒருவன் ஹெல்மெட்டால் அவர் முகத்தில் அடித்தான். பல் தெறித்தது. விழுந்தவரை மிதித்தார்கள். அவர் பையிலிருந்து ஒரு நோட்டு என் காலடியில் விழுந்தது. 'பள்ளியில் சேர்க்க வேண்டிய பிள்ளைகள்' என்று அதில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்குள் ஒருவன் இரும்புக் குழாயை ஓங்கிவிட்டான்.

அவர்மேல் விழுந்து, "வாத்தியாருடா! நான்தான்டா தப்பா சொல்ட்டேன்!" என்று கத்தினேன். குழாய் என் தோளில் இறங்கியது. அதன் பிறகுதான் நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கும்பிட்டு அழுதேன். தையல் போட்ட வாயால், "குரூப்புல சொன்னத என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

தோள் ஆறியதும், அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரோடு நானும் போக ஆரம்பித்தேன். குரூப்பில் யாராவது சந்தேகமென்று எதையாவது அனுப்பினால், "நீ போய்க் கேட்டியா?" என்றுதான் முதலில் பேசி அனுப்புகிறேன்.