கம்பியைப் பிடிக்காதவள்

என் அக்கா இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். வண்டி எப்படிக் குலுங்கினாலும் கம்பியைத் தொடமாட்டாள். வலது இடுப்பை ஒரு சீட்டில் சாய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் டிக்கெட் கிழிப்பாள். அப்படிப்பட்டவளை ஒரு காலையில் குளியலறையில் பக்கவாதம் சாய்த்துவிட்டது. அதற்கப்புறம் இடது காலும் கையும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

அவள் வீடு மாடியில். பதினாறு படி. மகன் தன் வீட்டில் அறை ஒதுக்கி, சக்கர நாற்காலியும் வாங்கிவிட்டான்.

"ஒரு மாசம் பார்ப்போம். படி ஏறிட்டா அவங்க வீடு, இல்லன்னா உங்க வீடு" என்று ஃபிசியோதெரபிஸ்ட் அவனிடம் கெடு வைத்தாள். நல்ல பெண்தான். ஆனாலும் அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயிற்சி அறையில் அக்கா நடந்தபோதெல்லாம் வலது பக்கமே சாய்ந்தாள். இல்லாத சீட்டை இடுப்பு தேடியது. இரண்டு முறை விழப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் சீட் இல்லம்மா. இடது கால்ல பாரத்தப் போடுங்க. பயமா இருந்தா கம்பியப் பிடிச்சுக்கங்க."

"கம்பியப் பிடின்னு ஊருக்கே சொன்னவ நான். என்கிட்டயே சொல்றியா? டேய் தம்பி, அந்த நாற்காலிய எல்லாம் இழு!"

இழுத்தேன். இரண்டு வரிசை, நடுவில் வழி, பஸ் மாதிரியே. ஃபிசியோதெரபிஸ்ட் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வலது வரிசையை மட்டும் சுவரோரம் தள்ளிவிட்டாள். சாய வேண்டுமானால் இனி இடது பக்கம்தான்.

"இப்ப டிக்கெட் குடுங்கம்மா" என்று காகிதக் கட்டை நீட்டினாள்.

அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இடது பக்கம் சாய்ந்தாள். கால் வெடவெடத்தது, ஆனால் தாங்கியது. சில நாளுக்கு ஒரு நாற்காலி குறைந்தது. நாலாவது வாரம் ஒன்றுகூட இல்லாத அறையில், இல்லாத பயணிகளுக்கு டிக்கெட் கொடுத்தபடி கடைசி வரை நடந்து வந்தாள். நான் அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

கெடு முடிந்த நாளில் மகன் படியடியில் கை நீட்டினான்.

"தள்ளி நில்லுடா."

கைப்பிடிக் கம்பியை மட்டும் பிடித்தாள். அது ஃபிசியோதெரபிஸ்ட்டின் கண்டிப்பான உத்தரவு. முதலில் நல்ல கால், பிறகு வம்பு பிடித்த கால். பதினாறு படிக்கு இருபது நிமிடம் ஆனது. எதற்கும் இருக்கட்டும் என்று மகன் மடக்கிய சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினான்.

அக்கா வாசலை மறித்து, சக்கர நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு கையையும் விட்டு நின்றாள்.

"உள்ள இடமில்ல. அதுக்கு அடுத்த வண்டியப் பாரு."