உறைக்குள் இருந்த பெயர்

காலை 8.40. நாசரேத்திலிருந்து குரும்பூர், ஆத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஆத்தூரில் வெற்றிலைக் கட்டோடு ஏறிய பெண், "எக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

"இல்லம்மா, மியூசியத்துக்கு."

"அங்கன என்ன இருக்கு?"

"எங்க அப்பா கொண்டுவந்த தண்ணிக் குடுவை."

அதற்குமேல் சொல்லவில்லை. பழையகாயல் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள். வெயில் கண்ணைக் கூசவைத்தது.

அப்பா பர்மாவில் பட்டாளத்தில் இருந்தவர். ஜப்பான்காரர்கள் வந்தபோது படை சிதற, அகதிகளோடு அகதியாகக் காட்டுவழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தார். அவர் கையில் இருந்தது அந்தக் குடுவை மட்டும். அவர் இறந்தபின் நான்தான் மியூசியத்துக்குக் கொடுத்தேன். கடைசி வாரத்தில் அவர் சொன்னதை மட்டும் அங்கே சொல்லாமல் விட்டேன்.

10.30. துறைமுகச் சாலையை ஒட்டிய பழைய சரக்குக் கிட்டங்கியில் இரண்டு அறைகள், அதுதான் மியூசியம். கண்ணாடிப் பெட்டியில் கம்பளி உறை போட்ட குடுவை. பக்கத்தில் அட்டை: 'பர்மாவிலிருந்து நடந்தே வந்த வீரரின் குடுவை.'

"அண்ணாச்சி, அந்தக் கம்பளி உறையக் கழட்டுங்க," என்றேன் காப்பாளரிடம்.

கழற்றினார். நீல எனாமலில் ஆணியால் கீறிய எழுத்துகள்: சூசை, மணப்பாடு.

"இது யாரு?"

"குடுவைக்குச் சொந்தக்காரர், அப்பாகூடப் பட்டாளத்துல இருந்தவர். வழியில காய்ச்சல்ல விழுந்துட்டார். அப்பா எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுதேன்: 'ஏளா, அவனுக்கு மூச்சு இருந்துச்சு. தண்ணி கேட்டான். நான் குடுவைய எடுத்துட்டு நடந்துட்டேன்.' இத அட்டையில எழுதணும்."

அவர் அட்டையை வெளியே எடுத்தார். "அப்பா பேரு கெட்டுப்போகும்லா, டீச்சர்?"

"எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "மணப்பாட்டுல அவுக வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

இத்தனை வருஷத்தில் சொல்லவில்லை.

12.50. பேருந்து நிலையத்தில் நாசரேத் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.

3.30. மணப்பாடு. கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம், பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பாத சூசையின் வீடு எது என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூசையா? இங்கன வீட்டுக்கு ஒரு சூசை உண்டும்மா. ஒவ்வொரு வீடாத்தான் கேக்கணும்."

முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.