கிருஷ்ணகிரி வரைக்கும்

ஓசூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வயரிங் பார்ப்பவன் பூபதி. ஆனால் வீட்டுக்காரி பவளத்துக்காகவே ஒரு வேனில் இன்வெர்ட்டர் மாட்ட வேண்டிவரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

பவளத்துக்கு நுரையீரல் சுருங்கிப்போய் ஒரு வருடம் ஆகிறது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவளுக்கு மூச்சு. அதனால்தான் மகள் தர்ஷினியின் தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்க முடியாமல் போனது. ஊத்தங்கரையில், மாமியார் வீட்டில், குறைமாதத்தில் பேரன் பிறந்தான். குழந்தையை இப்போதைக்கு வெளியே எடுக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

“நான் செய்ய வேண்டியதையெல்லாம் சம்பந்தியம்மா செஞ்சிட்டாங்க. பேரனை ஒருக்கா மடியில வெச்சுக்கிட்டாப் போதும்ங்க. அப்புறம் எது ஆனாலும் ஆவட்டும்” என்றாள் பவளம்.

பூபதி முதலாளியிடம் கெஞ்சி, பழைய டிராவலர் வேன் ஒன்றை இரவல் வாங்கினான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டான். பாகலூர் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் வெங்கட், மெஷினின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான்.

“முந்நூத்தம்பது வாட்டுண்ணா. ஸ்டார்ட் ஆவுறப்ப அதுக்கு மேலயே இழுக்கும். ஆயிரம் வாட்டா எடுத்துக்க. கம்மி வெலைக்கு கெடைக்கறதெல்லாம் இந்த மெஷினுக்கு ஆவாது, வீட்டுக் கரண்டு மாதிரியே சீரா குடுக்கற சைன் வேவ்தான் வேணும். அப்புறம் வயரு...”

“டேய், முந்நூறு பஸ்ஸுக்கு லைட்டு போட்டவன்டா நான். எனக்கு வயரு சொல்லித் தர்றியா?”

“சரிங்க வாத்தியாரே!” என்று சிரித்தான் வெங்கட்.

பூபதி பேட்டரியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தான். இன்வெர்ட்டரின் விசிறிச் சத்தம் பவளத்தின் தூக்கத்தைக் கெடுக்குமே என்று அதை மட்டும் பின்கதவோரம் கொண்டுபோனான். நடுவில் பதினைந்து அடி. பஸ்ஸின் பின்விளக்குக்கு இழுத்த பழக்கத்தில், கையிலிருந்த வயரையே இழுத்தான். பட்டறையில் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரியை நெருங்கும்போது இன்வெர்ட்டர் ‘கீ’ என்று கத்திவிட்டு நின்றது. மெஷினும் நின்றது.

பூபதி வேனை ஓரங்கட்டிப் பின்னால் ஓடினான். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்தான். அதில் அரை மணி நேரத்துக்குத்தான் காற்று இருந்தது. ஊத்தங்கரைக்கோ இன்னும் ஒரு மணி நேரம் போக வேண்டும். பவளத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“போயிரலாம்ங்க... நான் தாங்கிக்குவேன்.”

“பேசாத பவளம்!” என்று கத்தினான். கத்தியவனுக்கே அழுகை வந்தது. வண்டியைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான்.

அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டு வந்து, மெஷினை மறுபடி போட்டுப் பார்த்தான்; கொஞ்ச நேரத்தில் அதே கத்தல். வயரைத் தொட்டான். கை சுட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பின்விளக்குக்குப் போதுமான வயர் இதற்குப் போதாது; பட்டறையில் பேட்டரி முழு சார்ஜில் இருந்ததால் தாங்கியிருக்கிறது. பேட்டரியில் இருந்த பன்னிரண்டு வோல்ட் அந்த ஒல்லி வயரில் பின்கதவு போய்ச் சேருவதற்குள் பாதிவழியிலேயே கரைந்திருக்கிறது. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, மெஷினுக்குப் போகும் வயரை அல்லவா நீளமாக இழுத்திருக்க வேண்டும்! வயரை ஒன்றரை அடியாக வெட்டி, இன்வெர்ட்டரை முன்னால் நகர்த்தி முடுக்கினான். மெஷின் சீராக ஓடியது.

பத்தே நிமிட வேலை.

வார்டுக்கு ஓடினான். “இனிமே இவங்களை எங்கயும் கொண்டுபோக முடியாதுங்க” என்றார் டாக்டர். குறைமாதக் குழந்தையை விட்டுவிட்டுத் தர்ஷினியாலும் வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பவளம் போய்விட்டாள்.

ஓசூர் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. வெளியே எடுக்கக் கூடாது என்றிருந்த கைக்குழந்தையோடு இறங்கினாள் தர்ஷினி. “கிருஷ்ணகிரி வரைக்கும் வந்துட்டீங்களேப்பா...” என்றாள்.

“பச்சப்புள்ளைய எழவு வூட்டுக்குள்ள கொண்டாராதம்மா! அங்கயே நில்லு!” என்று பக்கத்து வீட்டு நாராயணம்மா வழி மறித்தாள்.

பூபதி மகளின் கையிலிருந்து பேரனை வாங்கினான். “கொஞ்சம் தள்ளிக்கங்கக்கா.”

உள்ளே போய்ப் பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். குழந்தையை அவள் மடிமேல் கிடத்தி, உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.